கதிருக்கு முன்னால் பல்

தாடைக்குக் கதிர்வீச்சு என்று முடிவானால் முதலில் என் நாற்காலிக்கு வந்துவிடுங்கள். பல் டாக்டரின் பேராசை என்று நினைக்க வேண்டாம். கதிர் பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பல வருஷம் கழித்துப் பல்லைப் பிடுங்கினால்கூடப் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் காப்பாற்ற முடியாத பல்லைச் சிகிச்சைக்கு 2 வாரமாவது முன்பே எடுத்துவிடுவேன்.

எச்சிலும் வற்றும். சிகிச்சை முடித்து வந்த பெரியவர் ஒருவர் இட்லியையே தண்ணீர் ஊற்றித்தான் விழுங்குகிறார். காய்ந்த வாயில் பல் ஈறோரமாகச் சொத்தையாகும். தினமும் ஃபுளோரைடு ஜெல் போடச் சொன்னேன். கொப்பளிக்க, 1 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம்.

“பல்பொடி போட்டு விரலால தேய்க்கலாமா டாக்டர்?” என்றார்.

“பொடி ஈறை உரசும் ஐயா. மெத்தென்ற பிரஷ் வாங்கிக்குங்க, குழந்தைங்க பிரஷ்னாலும் சரி.”