கச்சா எண்ணெயின் பூர்வீகம்

திருத்தணி மலைப்படிகளின் அடியில் உள்ள பூஜைச் சாமான் கடைகளில் சாம்பிராணியோடு குங்கிலியமும் கேட்டால் கிடைக்கும். காட்டு மரங்களின் பட்டையிலிருந்து வடிந்து இறுகிய பிசின் அது. கடைக்கு எதிரே திருப்பதி செல்லும் லாரிகள் டீசல் புகையைக் கக்கியபடி போகும். "ஒரு புகை கோயிலுக்கு, ஒரு புகை நமக்கு" என்று என் மாணவர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் இவ்விரண்டுக்கும் உள்ள உறவு வேடிக்கையன்று. ஹோப்பேன் என்ற ஹைட்ரோகார்பன் ஏறத்தாழ எல்லாக் கச்சா எண்ணெய்களிலும் உண்டு. குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்த ஹோப்பியா என்னும் மர இனத்தின் பெயரிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. அதன் உறவுச் சேர்மம் ஒன்றை வேதியியலார் முதலில் பிரித்தெடுத்தது குங்கிலியத்திலிருந்துதான்.

கச்சா எண்ணெய் எதிலிருந்து உண்டாயிற்று என்பது நெடுநாள் வழக்கு. பூமியின் ஆழத்தில் உள்ள இரும்புக் கார்பைடில் நீர் பட்டு எண்ணெய் உண்டாகிறது என்று 1877-இல் மெண்டலீவ் கூறினார். தனிம வரிசை அட்டவணை தந்த மேதையின் கூற்று. எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஆயினும் ஒரு சிறு உறுத்தல் இருந்தது. எண்ணெயின் சில பகுதிகள் தளவிளைவுற்ற ஒளியின் தளத்தைச் சற்றே திருப்பின. கல்லும் நீரும் வினைபுரிந்து உண்டாகும் பொருளில் இடக்கை, வலக்கை மூலக்கூறுகள் சம அளவில் இருக்கும், ஒளித்தளம் திரும்பாது. ஒரு கையையே தேர்ந்து கட்டுவது உயிர்களின் வழக்கம். 1934-இல் ஜெர்மானிய வேதியியலார் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் எண்ணெயில் போர்ஃபிரின் என்ற சேர்மத்தைக் கண்டார். பச்சையத்தின் சட்டமே அது. நடுவில் இருந்த மக்னீசியம் போய், அந்த இடத்தில் வனேடியம் அமர்ந்திருந்தது. 

பாழடைந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். ஓடு போய்விட்டது, கதவும் சன்னலும் போய்விட்டன. அடித்தளம் மட்டும் தெரிகிறது. கூடம் எது, சமையலறை எது என்று அதைக் கொண்டே சொல்லிவிடலாம். உயிரினம் மடிந்து சேற்றில் புதையும்போது அதன் மூலக்கூறுகளும் ஆக்சிஜனை இழக்கின்றன. இரட்டைப் பிணைப்புகள் மறைகின்றன. கார்பன் வளையங்களின் சட்டம் மட்டும் நிலைக்கிறது. இவற்றை உயிர்ச்சுட்டிகள் என்பர். ஹோப்பேன் பாக்டீரியாக்களின் செல் சவ்விலிருந்து வருவது. ஸ்டெரேன் என்பது பாசி போன்றவற்றின் ஸ்டெரால்களின் எச்சம். நம் உடலின் கொலஸ்டிராலுக்கும் அதே சட்டந்தான். ஓலியனேன் பெரும்பாலும் பூக்கும் தாவரங்களின் அடையாளம்.

இவற்றை எப்படி இனங்காண்பது? இயற்பியல் ஆசிரியனான எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரு சொட்டு எண்ணெயில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் உள்ளன. அதை ஆவியாக்கி, 30 அல்லது 60 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட குழாய்ச் சுருளுக்குள் ஹீலியத்தோடு செலுத்துகிறார்கள். குழாயின் உட்பூச்சில் ஒட்டாதவை விரைந்து வெளிவரும், ஒட்டுபவை பின்தங்கும். இது வாயு குரோமட்டோகிராப். வெளிவந்தவை மீது 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்கள் மோதுகின்றன. மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று உடைகின்றன. துண்டுகளை மின்புலத்தில் செலுத்தி நிறைவாரியாகப் பிரிப்பது நிறை நிறமாலைமானி. ஹோப்பேன் உடைந்தால் 191 நிறையுள்ள துண்டு மிகுதியாக வரும். ஸ்டெரேன் என்றால் 217.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். முப்பது கார்பன் கொண்ட ஹோப்பேனும் ஓலியனேனும் ஒரே வாய்பாடு உடையவை. இரண்டின் நிறையும் 412. இரண்டுமே 191 துண்டைத் தருபவை. ஐந்தாவது வளையம் ஒன்றில் ஐங்கோணம், மற்றதில் அறுகோணம். தராசு மட்டும் இருந்தால் ஏமாந்துபோவோம். ஓலியனேன் குழாயிலிருந்து ஒரு கணம் முந்தி வெளிவருவதால்தான் பிரித்தறிய முடிகிறது.

இனி நம் நாட்டின் இரண்டு எண்ணெய்களைப் பார்ப்போம். (நம் நரிமணம் எண்ணெயை விட்டுவிட்டேனே என்று தஞ்சை வாசகர்கள் கோபிக்க வேண்டாம். காவிரிப் படுகை எண்ணெய்க்கு முக்கியத் தாய்ப்பாறை, கிரட்டேசியஸ் காலத்து ஆண்டிமடம் படிவுகள். அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

அசாமின் டிக்பாயில் 1889-இல் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். மேல் அசாம் எண்ணெய்களில் ஓலியனேன் தெளிவாகத் தெரிகிறது. குங்கிலியப் பிசினிலிருந்து வரும் பைகாடினேன் என்ற சேர்மமும் உண்டு. ஆற்று முகத்துவாரச் சதுப்பில் விழுந்த இலையும் பட்டையும் பிசினுமே அந்த எண்ணெயின் பெற்றோர். குங்கிலிய மரங்கள் அவ்வளவு பழமையானவையா என்று ஐயுற வேண்டாம். குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான அம்பரும் அம்மரக் குடும்பத்தின் பிசினே என்று 2010-இல் காட்டினார்கள். அந்த அம்பருக்குள் பூச்சிகளும் இருந்தன.

மற்றது மேற்கு ராஜஸ்தானின் பாகேவாலா. ஆயில் இந்தியா நிறுவனம் 1991-இல் அங்கே தார் போன்று கெட்டியான எண்ணெயைக் கண்டது. அது இருந்த ஜோத்பூர் மணற்பாறை 54 கோடி ஆண்டுக்கும் முற்பட்டது. ஆனால் எண்ணெய் ஊர்ந்து செல்லும் பொருள். வாடகைக்குக் குடியிருப்பவரின் பூர்வீகம் அந்த வீடுதான் என்று சொல்லிவிட முடியாதல்லவா? இளைய பாறையில் பிறந்து இங்கே வந்து தங்கியதா, இல்லை இதுவும் அவ்வளவு தொன்மையானதா? அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது என்பது இதற்கான விடையைப் பொறுத்தது. ஒவ்வொரு கிணற்றிலும் கோடிக்கணக்கான ரூபாய் புதைகிறது.

கே. ஈ. பீட்டர்ஸ் குழுவினர் 1995-இல் விடை வெளியிட்டனர். அந்த எண்ணெயில் நிலத்தாவரங்களின் சுவடே இல்லை. பாசியும் பாக்டீரியாவும் மட்டுமே. இல்லாமை ஒன்றே தொன்மைக்குச் சான்றாகாது. ஆழ்கடலில் பிறந்த இளைய எண்ணெயிலும் ஓலியனேன் இல்லாதிருக்கலாம். எனவே இருப்பதையும் பார்த்தார்கள். 29 கார்பன் ஸ்டெரேன் ஓங்கியிருந்தது. பொதுவாக அதை நிலத்தாவரத்தின் குறியாகக் கொள்வர். இங்கே பச்சைப் பாசியின் குறி. கடற்பஞ்சுகளோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட, 24-ஐசோபுரோப்பைல்கொலஸ்டேன் என்ற நீண்ட பெயர் கொண்ட சேர்மமும் மிகுந்திருந்தது. ஓமன் நாட்டின் ஹுக்ஃப் தொகுதிப் பாறைகளில் பிறந்த எண்ணெய்களும் இதே சாயல் கொண்டவை. அந்தப் பாறைகள் உருவான நாளில் அரேபியாவும் இந்தியாவும் இன்றுபோல் கடலால் பிரிந்திருக்கவில்லை. ஓமனில் அத்தகைய பழம்பாறை எண்ணெயைப் பல ஆண்டுகளாக எடுத்து வருகிறார்கள். ராஜஸ்தானில் தேடுவது வீண் வேலையன்று.

சரி, எண்ணெய் ஏன் அவ்வளவு கெட்டி? சாதாரணமாக, பாக்டீரியாக்கள் இலேசான பகுதியைத் தின்றுவிட்டால் எஞ்சுவது கெட்டியாகும். பாகேவாலாவில் அவை தின்ற அடையாளம் இல்லை. இங்கும் ஸ்டெரேனே சாட்சி. உயிர்கள் ஆக்கும்போது அதன் 20-ஆம் கார்பன் ஒரே கையமைப்பில் இருக்கும். பூமிக்குள் சூடு ஏற ஏறச் சில மூலக்கூறுகள் மறு கைக்கு மாறும். ஏறத்தாழ 55 சதவீதம் மாறியதும் சமநிலை. ஆகவே அந்த விகிதமே ஒரு வெப்பமானி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பட்ட சூட்டையும் இன்று படிக்கலாம். பாகேவாலா எண்ணெய் குறைந்த சூட்டில், முதிராமலே பிறந்தது. கந்தகம் மிகுந்த மூலப்பொருள் விரைவில் எண்ணெயாகிவிடும். அப்படியானால் அதே தாய்ப்பாறை இன்னும் ஆழத்தில் அதிகச் சூடு பெற்ற இடத்தில் இளகிய எண்ணெய் இருக்கக்கூடும். பிற்காலத்தில் ஆயில் இந்தியா, கிணற்றுக்குள் நீராவியைச் செலுத்தி, இருக்கும் கெட்டி எண்ணெயையே இளக்கி எடுக்கத் தொடங்கியது.

கடற்பஞ்சுச் சேர்மம் பற்றி மட்டும் வழக்கு இன்னும் முடியவில்லை. பாசியின் ஸ்டெரால்களே மண்ணுக்குள் மாற்றமடைந்து அதே சட்டத்தைப் பெற முடியும் என்று 2020-இல் சிலர் சோதனைகளோடு வாதிட்டனர். கடற்பஞ்சுக் கட்சியினர் அதை ஏற்கவில்லை. ஓமன் பாறைகளில் கிடைத்த அதே சேர்மத்தைக் கொண்டுதான், உலகின் மிகப் பழைய விலங்கின் சுவடு இது என்று முன்பு அறிவித்திருந்தார்கள்.