ஒரே ஜன்னல், பதினான்கு ஓவியங்கள்

பாரிஸின் மோன்மார்த்ர் பெருஞ்சாலையை வரைந்த கமில் பிஸாரோ அந்தச் சாலையில் நின்று வரையவில்லை. கண்ணீர்ப் பாதையில் அவருக்குத் தீராத தொற்று. காற்றும் தூசியும் ஆகாது என்பதால் வெளியில் ஸ்டாண்டை நிறுத்தி வரைய முடியாமல் போயிற்று. 1897 பிப்ரவரியில், தம் 66வது வயதில், ஓட்டல் த ரூசியில் அறை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஏப்ரலுக்குள் அதே சாலையை 14 முறை வரைந்துவிட்டார்: காலை, வெயில், மப்பு, மழை, திருவிழாக் கூட்டம், இரவு.

ட்ராயிங் மாஸ்டராக இருந்தபோது இந்தப் படங்களை வகுப்பில் காட்டுவேன். "யாருக்குமே மூஞ்சி இல்லையே சார்?" என்பார்கள் பிள்ளைகள். "மாடியிலேர்ந்து பார்த்தா உனக்குத் தெருவுல போறவன் மூஞ்சி தெரியுமாடா?" என்று திருப்பிக் கேட்பேன். ஒரு தீற்றல் ஓர் ஆள். நாலைந்து தீற்றல் ஒரு குதிரை வண்டி. கிட்டே போனால் வெறும் சாயம். நாலடி பின்னால் வந்தால் கூட்டம் நடக்கத் தொடங்கும். பிஸாரோவைப் போன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நம்பியது இதைத்தான்: கண்ணுக்குப் பட்டதை வரை, தெரிந்துவைத்திருப்பதை வரையாதே.

பதினான்கிலும் கட்டடங்கள் அவைதான், மரங்கள் அவைதான். மாறுவது வெளிச்சம். அதனால் வரையப்பட்டது சாலை அல்ல, வெளிச்சம்தான் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி, வரிசையில் உள்ள ஒரே இரவுப் படம். சாலை நடுவே அப்போது புதிதாக வந்திருந்த மின்விளக்குகளின் குளிர்ந்த வெள்ளை. கடைகளில் கேஸ் விளக்கின் மஞ்சள். வாடகைக் குதிரை வண்டிகளில் எண்ணெய் விளக்கின் செம்மஞ்சள். மூன்று வெளிச்சமும் ஈரத் தரையில் விழுந்து கலங்குகின்றன. மனிதர்கள் ஏறக்குறைய கரைந்தே போகிறார்கள். இந்தப் படத்தில் பிஸாரோ கையெழுத்திடவில்லை. தாம் இருந்தவரை காட்சிக்கும் வைக்கவில்லை. எனக்கோ, வரிசையிலேயே துணிச்சலான படம் இதுதான்.

இன்று இரவுப் படம் லண்டன் நேஷனல் கேலரியில், குளிர்காலக் காலை நியூயார்க் மெட்ரோபாலிட்டனில், பிற்பகல் வெயில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டாஜில். மூன்றையும் இணையத்தில் எடுத்து அருகருகே வையுங்கள். பெரிதாக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். என் மாணவர்களுக்கு நான் சொன்னதும் அதுதான்.