உங்களுக்குத் தெரியுமா? பவானிக்காரர்களுக்கு லிங்க்டுஇன்னில் என்ன இருக்கிறது

“லிங்க்டுஇன் எல்லாம் பெங்களூரு ஐ.டி. பசங்களுக்குத்தானுங்க” என்று நம்ம பக்கம் சொல்வார்கள். 2003 மே மாதம் தொடங்கிய அந்தத் தளம் வெறும் பயோடேட்டா ஒட்டிவைக்கும் இடமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. அடுத்தடுத்து வந்த வசதிகளில் சில, சித்தோட்டிலும் குமாரபாளையத்திலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், தறி வைத்திருப்பவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் நன்றாகவே உதவும்.

வேலையில் விழுந்த இடைவெளியை இனி மறைக்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் ‘கேரியர் பிரேக்’ என்ற பகுதி வந்தது. குழந்தை வளர்ப்பு, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது, உடல்நலம், ஊர் மாற்றம், ஆட்குறைப்பு என 13 காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்றும் எழுதலாம். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்ட மருமகள்கள் எத்தனை பேர்! நேர்காணலில் அவர்கள் தலைகுனிந்து பதில் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

மற்றவர்கள் சரியாக உச்சரிக்க, பெயரை நம் குரலிலேயே பதிவு செய்துவைக்கலாம். 10 விநாடி, கைபேசிச் செயலி போதும். எழிலரசிகளும் யாழினிகளும் உடனே செய்துவிடுங்கள்.

வேலை வாங்கித் தருவது யார்? மாமன் மச்சான் என்றுதான் நினைப்போம். அரைகுறையாய்ப் பழகியவரே அதிகம் உதவுகிறார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். சொந்தக்காரருக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். வேறு வட்டத்தில் இருப்பவரிடம்தான் புதுச் சேதி கிடைக்கும். லிங்க்டுஇன் இதைச் சோதித்தே பார்த்தது. ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று காட்டும் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டி, ஐந்தாண்டுகளில் சுமார் 2 கோடிப் பேரின் வேலை மாற்றங்களைக் கவனித்தார்கள். 2022 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. முன்பின் தெரியாதவரும் இல்லை, உயிர் நண்பரும் இல்லை. நடுவாந்திரமாய்ப் பழகியவர்களே அதிகம் கைகொடுத்திருந்தார்கள். கல்லூரியில் இரண்டு வருடம் முன்னால் படித்து, இப்போது ஓசூரிலோ சென்னையிலோ இருக்கும் அந்த சீனியருக்கு இன்றைக்கே நாலு வரி எழுதிப் போடுங்கள்.

‘ஓப்பன் டு ஒர்க்’ பச்சை வளையம் 2020-ல் வந்தது. வேலை தேடுவதை அந்த வளையத்தோடு ஊருக்கே தெரியும்படியும் வைக்கலாம், வளையம் இல்லாமல் ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், இப்போது வேலை செய்யும் நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்குக் காட்டாமல் இருக்கத் தளம் முயலும். முழு உத்தரவாதம் தருவதில்லை. மேலாளரை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இன்னொருவர் பக்கத்தைப் பார்த்தால், பார்த்தது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியும். தெரியக்கூடாது என்றால் அமைப்புகளில் ‘பிரைவேட் மோட்’ இருக்கிறது.

நம்ம பவானி ஜமக்காளத்துக்கு வருவோம். 2005-06-லேயே புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய பொருட்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறிப் போலிகள் சந்தையில் குறைந்த விலைக்கு ஓடுகின்றன. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமானால் தறியைக் காட்டியாக வேண்டும். லிங்க்டுஇன் பக்கத்தில் ‘ஃபீச்சர்டு’ என்ற பகுதியில் படம், வீடியோ, இணைப்பு எதையும் முகப்பிலேயே நிறுத்திவைக்கலாம். குழித்தறியில் கால் மிதிப்பதும், நாடா ஓடுவதும், சிவப்புப் பட்டை முடிந்து பச்சைப் பட்டை தொடங்குவதும் தெரிய ஒரு நிமிட வீடியோ போதும். பதிவைத் தமிழிலேயே எழுதலாம். கூட்டுறவுச் சங்கம் என்றால் நிறுவனப் பக்கமாகவே காசில்லாமல் திறக்கலாம். வெளிநாட்டு வடிவமைப்பாளர்களும் ஓட்டல்களுக்குப் பொருள் வாங்குகிறவர்களும் புழங்கும் இடம் அது. பவானியில் நெய்கிறவர் பெயரே இல்லாமல் போகும் சரக்கோடு, அவருடைய முகமும் கூடவே போகட்டும்.

லிங்க்டுஇன்னில் வரும் எல்லாப் புதுமையும் நிலைப்பதில்லை. 24 மணி நேரத்தில் மறையும் ‘ஸ்டோரிஸ்’ 2020-ல் வந்து 2021 செப்டம்பரோடு போய்விட்டது. 2024 மே மாதம் புதிர் விளையாட்டுகள் வந்தன, அவை தொடர்கின்றன.

நீலக் குறிக்கு எக்ஸ் தளத்தில் மாதக் கட்டணம். லிங்க்டுஇன்னில் அடையாளச் சரிபார்ப்பு இலவசம்; இந்தியாவில் டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் காட்டி முடித்துவிடலாம். உங்களுக்கு வேலை தருவதாகச் சொல்பவரின் பக்கத்திலும் சரிபார்ப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 2022-ல் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். சமூக வலைத்தள விளம்பரங்களை நம்பாதீர்கள் என்று வெளியுறவு அமைச்சகமே அந்தச் செப்டம்பரில் எச்சரித்தது. சரிபார்ப்புக் குறி ஆளின் அடையாளத்துக்குத்தான். அவர் காட்டும் வேலை நிஜம் என்பதற்கு அது சான்று ஆகாது. வெளிநாட்டு வேலை என்றால், மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த ஏஜென்டின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள்.