ஸ்கேன் சிடியைத் திறந்து பார்க்கலாமா?

ஸ்கேன் சென்டரில் பெரிய பிலிம் கவருடன் ஒரு சிடியும் தருகிறார்கள். பிலிமை பீரோவில் பத்திரமாக வைக்கும் நாம் சிடியைக் கண்டுகொள்வதில்லை. என் பெரியம்மாவுக்கு இடது கால் மட்டும் வீங்கியபோது நானும் பிலிமை மொபைலில் படம் எடுத்து வெளியூர் டாக்டர் ஒருவருக்கு அனுப்பினேன். "இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிடியில் உள்ளதை அப்படியே அனுப்புங்கள்" என்றார்.

காலில் இருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்வது சிரை. பேச்சு வழக்கில் இதைத்தான் நரம்பு என்கிறோம். இடது காலின் சிரை, இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக்கும் வலது காலுக்குச் செல்லும் தமனிக்கும் இடையே புகுந்து செல்கிறது. முன்னால் துடிக்கும் தமனி, பின்னால் எலும்பு. நடுவில் சிரை நசுங்கலாம். 1957-ல் ஆஸ்திரியாவின் மே, தர்னர் என்ற இரு டாக்டர்கள் 430 சடலங்களை ஆராய்ந்து, 22 சதவீதத்தில் இந்த இடத்தில் சிரையின் உள்ளே தடிப்பு இருப்பதைக் கண்டனர். இப்பிரச்னைக்கு மே-தர்னர் சின்ட்ரோம் என்று பெயர். ரத்தம் அங்கே தேங்கி உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து.

முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். குடலில் உள்ள வாயு இடுப்புச் சிரையை மறைத்துவிடும் என்பதால், அடுத்து மருந்து செலுத்தி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். அதுதான் உங்கள் சிடியில் இருக்கிறது.

சிடியைத் திறந்தால் விரிவுப் பெயர் இல்லாத பைல்கள் வரிசையாக நிற்கும். டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் விழிக்கும். இவை டைகாம் வகை பைல்கள். பல சிடிக்களில் பார்ப்பதற்கான புரோகிராமும் சேர்ந்தே இருக்கும். இல்லாவிட்டால் மைக்ரோடைகாம் புரோகிராமை டவுன்லோட் செய்து கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு இலவசம். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையா? நண்பரின் கம்ப்யூட்டரில் சிடி முழுவதையும் பென் டிரைவுக்கு காப்பி செய்து வாருங்கள்.

ஒரு சி.டி. படத்தில் 512 x 512 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றால் படம் ஒன்றுக்கு 512 கேபி. 600 படங்கள் இருந்தால் 300 எம்பி. ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது நிறம் அல்ல, ஓர் எண். காற்றுக்கு -1000, தண்ணீருக்கு 0, எலும்புக்குப் பல நூறு. சாதாரண மானிட்டர் காட்டுவதோ 256 சாம்பல் நிறங்கள்தான். எனவே எந்த எண்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை புரோகிராமில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பிலிமில் இது ஒரே நிலையில் உறைந்துவிடுகிறது. மொபைல் போட்டோவில் அதுவும் போய்விடும். முழு பைல்கள் கையில் இருந்தால், சிரை செல்லும் திசையிலேயே படத்தைக் குறுக்காக வெட்டிப் பார்க்க டாக்டரால் முடியும்.

நீங்களும் பாருங்கள். மவுஸ் வீலை உருட்டி தொப்புளுக்குக் கீழே வந்தால், முதுகெலும்பின் முன் உள்ள ஒரு பெரிய வட்டம் இரண்டாகப் பிரியும். அவைதான் தமனிகள். அதற்குச் சற்றுக் கீழே, வலது தமனியின் பின்னால் இடது சிரை ரிப்பன் போல் தட்டையாகிறதா என்று கவனியுங்கள். ஒரு விஷயம்: நோயாளியின் இடது பக்கம் திரையில் வலது பக்கமாகத் தெரியும். நான் அரை மணி நேரம் தவறான காலின் சிரையைத்தான் ஆராய்ந்து கொண்டிருந்தேன்!

தட்டையாகத் தெரிந்தவுடன் பயப்பட வேண்டாம். 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயிற்று வலிக்காக சி.டி. எடுத்த, காலில் எந்தத் தொந்தரவும் இல்லாத 50 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 24 சதவீதம் பேருக்கு சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது. உடலில் நீர் குறைந்தாலும் சிரை சுருங்கும். எனவே படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. சிரைக்குள்ளேயே மெல்லிய அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி அளக்கும் ஐவஸ் சோதனைதான் துல்லியமானது. பெரியம்மாவுக்கும் அதில் உறுதி செய்த பிறகே ஸ்டென்ட் வைத்தார்கள்.

டாக்டருக்கு அனுப்பும்போது போல்டர் முழுவதையும் ஜிப் செய்து, அவர் சொல்லும் வழியில் அனுப்புங்கள். ஒவ்வொரு டைகாம் பைலுக்குள்ளும் நோயாளியின் பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்கள் இருக்கும். முன்பின் தெரியாத வெப்சைட்டில் அப்லோட் செய்து விடாதீர்கள்.