மாய நிலங்கள் – 9: கதவு சாத்தாத வீடு

மூமின்கள் வெள்ளை நிறமும் உருண்ட வயிறும் நீர்யானைக்கு இருப்பது போன்ற பெரிய மூக்கும் கொண்ட குட்டிப் பூதங்கள். நவம்பரில் வயிறு நிறைய பைன் மரத்தின் ஊசியிலைகளைத் தின்றுவிட்டுப் படுத்தால் வசந்தத்தில்தான் கண் விழிக்கும். ஒரு பள்ளத்தாக்கில், கோபுரம்போல் உயர்ந்த நீல வீட்டில் மூமின் அம்மா, மூமின் அப்பா, பிள்ளை மூமின்ட்ரோல் ஆகிய மூவரும் வாழ்கிறார்கள். மூவர் என்பது பெயருக்குத்தான். யார் வந்து நின்றாலும் அந்த வீட்டில் ஒரு கட்டில் கூடும். சாப்பாட்டு மேசை நீளும்.

இவர்களைப் படைத்த தூவே யான்சன் 1914இல் ஹெல்சின்கியில், ஸ்வீடிஷ் பேசும் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சிற்பி, அம்மா ஓவியர். தூவேயும் ஓவியம்தான் பயின்றார். 'கார்ம்' என்ற அங்கத இதழில், கேட்டதெல்லாம் வேண்டுமென்று அழுது அடம்பிடிக்கும் குழந்தையாக ஹிட்லரை வரைந்தவர் அவர். 1939 நவம்பரில் சோவியத் விமானங்கள் ஹெல்சின்கியில் குண்டு வீசின. படம் வரைய மனம் வராத அந்தக் குளிர்காலத்தில் ஒரு கதை எழுதத் தொடங்கினார். அது நூலானது 1945இல்தான். காணாமல் போன அப்பாவைத் தேடி அம்மாவும் பிள்ளையும் காட்டிலும் வெள்ளத்திலும் அலைகிறார்கள். அடுத்த ஆண்டு வந்த நூலில் பூமியை நோக்கி ஒரு வால்மீன் பாய்ந்து வருகிறது. கடல் வற்றிப்போன தரையில் பொய்க்கால் கட்டி நடந்து நண்பர்கள் வீடு சேர்கிறார்கள். போர்க்காலத்து அச்சம் இரண்டு நூல்களிலும் அப்படியே படிந்திருக்கிறது.

1948இல் வந்த மூன்றாவது நூல் வேறு வெளிச்சம் கொண்டது. மலையுச்சியில் மூமின்ட்ரோலும் நண்பர்களும் ஒரு கறுப்புத் தொப்பியைக் கண்டெடுக்கிறார்கள். அது ஒரு மந்திரவாதியின் தொப்பி. அதில் போட்ட முட்டை ஓடுகள் ஏறிப் பறக்கத்தக்க மேகங்களாகின்றன. ஆற்று நீர் ராஸ்பெர்ரிச் சாறாகிறது. கண்ணாமூச்சி ஆடும்போது மூமின்ட்ரோல் அதற்குள் ஒளிந்துகொள்கிறான். வெளியே வருகையில் உருவமே மாறியிருக்கிறது. உயிருக்குயிரான நண்பர்கள்கூட யாரோ அந்நியன் என்று விரட்டுகிறார்கள். அம்மா மட்டும் மிரண்டுபோன அந்தக் கண்களை நெடுநேரம் பார்க்கிறாள். தன் பிள்ளைதான் என்கிறாள். அவள் சொன்னதும் மாயம் கலைகிறது. குழந்தையின் ஆழ்ந்த பயம் ஒன்றை இவ்வளவு நேராகத் தொட்ட காட்சி சிறுவர் இலக்கியத்தில் அரிது.

அதே நூலில் தொஃப்ஸ்லான், விஃப்ஸ்லான் என்ற இரு சிற்றுயிர்கள் ஒரு பெட்டியுடன் வந்து சேர்கின்றன. அவை தமக்கே உரிய மொழி பேசும். எப்போதும் கைகோத்தே நடக்கும். பெட்டிக்குள் இருப்பது ஒரு மாணிக்கம். அதைக் கேட்டுப் பின்தொடர்ந்து வருகிறாள் குரோக். அவள் அமர்ந்த இடம் உறைந்து போகும். மாணிக்கத்துக்குப் பதிலாக மந்திரத் தொப்பியைக் கொடுத்து மூமின் அம்மா வழக்கைத் தீர்த்துவைக்கிறாள். அந்த இரு பெயர்களும் தூவே, நாடக இயக்குநர் விவிகா பண்ட்லர் ஆகியோரின் பெயர்களிலிருந்து பிறந்தவை. இருவரும் காதலித்தார்கள். ஒரே பாலினத்தவர் காதல் பின்லாந்தில் 1971 வரை குற்றம். பெட்டிக்குள் பூட்டிவைத்த மாணிக்கத்தின் பொருள் அங்கே விளங்குகிறது.

மூமின்ட்ரோலின் உற்ற தோழன் ஸ்னஃப்கின்; கூடாரமும் மவுத் ஆர்கனும்தான் அவன் சொத்து. குளிர் நெருங்கினால் தெற்கே போய்விடுவான், வசந்தத்தில் திரும்புவான். மூமின்ட்ரோலுக்கு அது வலிக்கும். ஆனாலும் தடுக்க மாட்டான். தொப்பிக் கதையின் இறுதி விருந்துக்கு மந்திரவாதியே வருகிறான். அவனால் பிறர் விருப்பங்களை நிறைவேற்ற முடியும், தன் விருப்பத்தை முடியாது. மூமின்ட்ரோல் தனக்கென எதுவும் கேட்கவில்லை. தன்முன் இருக்கும் விருந்து மேசை அப்படியே ஸ்னஃப்கின் இருக்குமிடம் போகட்டும் என்கிறான். இரு சிற்றுயிர்களோ தங்கள் மாணிக்கத்தைப் போலவே அழகான இன்னொன்றை மந்திரவாதிக்காகக் கேட்கின்றன.

இந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1950இல் வந்தது. 1954 முதல் லண்டன் 'ஈவினிங் நியூஸ்' நாளிதழில் மூமின் சித்திரத்தொடர் ஓடியது. புகழ் பெருகப் பெருகக் கதைகள் அமைதியாகின. 1957இல் வந்த குளிர்கால நூலில் மூமின்ட்ரோல் உறக்கம் கலைந்து, பனி மூடிய உலகில் தன்னந்தனியாக விழிக்கிறான். அவனுக்குப் பனியைப் பழக்கும் டூடிக்கி, தூவேயின் வாழ்க்கைத் துணையான ஓவியர் தூலிக்கி பியெதிலாவின் சாயலில் வரையப்பட்டவள். 1966இல் தூவேக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பதக்கம் கிடைத்தது.

குரோக்கின் கதை முடிவது 1965இல் வந்த எட்டாவது நூலில். குடும்பம் கலங்கரை விளக்கம் உள்ள ஒரு தீவுக்குப் போகிறது. விளக்கொளியை நாடி அவளும் கடலை உறையவைத்துக்கொண்டே பின்னால் வருகிறாள். மூமின்ட்ரோல் இரவுதோறும் விளக்கேந்திக் கடற்கரையில் அவளைச் சந்திக்கிறான். ஒரு நாள் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடுகிறது, வெறுங்கையோடு போகிறான். அவனைக் கண்ட மகிழ்ச்சியில் அவள் ஆடுகிறாள். அவள் போன பிறகு மணலைத் தொட்டுப் பார்க்கிறான், அது உறைந்திருக்கவில்லை. மந்திரம் எதுவும் செய்யாத மாற்றம் இது. ஒன்பது நூல்களிலும் இதற்கு இணையான பக்கம் இல்லை.

1970இல் வெளியான ஒன்பதாவது நூலில் மூமின் குடும்பமே இல்லை. ஸ்னஃப்கினும் வேறு சிலரும் காலியான வீட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். தூவேயின் அம்மா இறந்த ஆண்டும் அதுதான். கடைசிப் பக்கத்தில், எல்லோரும் போன பிறகும் தங்கிவிட்ட டொஃப்ட் என்ற சிறுவனுக்குத் தொலைவில் ஒரு படகின் விளக்கு தெரிகிறது. கயிற்றைப் பிடித்துக் கட்ட அவன் படகுத்துறைக்கு இறங்குகிறான். அதற்குப் பிறகு தூவே யான்சன் மூமின் நாவல் எதையும் எழுதவில்லை.