கேட்பவருக்கும் ஒரு செவி

பிறர் துயரம் தங்குமிடம்

கொட்டச்சேடு போன்ற சேர்வராயன் மலையூர் ஒன்றிலிருந்து சேலத்துக்கு இறங்கிவந்து கவுன்சலிங் பயிலும் மாணவி ஒருத்தி, கணவனின் குடியால் நொந்த பெண்ணொருத்தியின் கதையைப் பயிற்சியின்பொருட்டு ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டு அனுப்பிவைத்த பின்பும், தன் வீட்டிலும் அதே குடி இருந்திருக்குமானால், கேட்டது அவள் துக்கமா தன் துக்கமா என்று பிரித்தறிய இயலாத கலக்கம் நெஞ்சில் தங்கி, உறக்கமின்மையாகவும், காரணமற்ற எரிச்சலாகவும், அடுத்தவர் அழும்போது தன் மனம் மரத்துப்போவதாகவும் நாளடைவில் வெளிப்படும். பலவீனமென்று எண்ணி அவள் அதை மறைப்பாள்; மறைக்க மறைக்க அது வளரும்.

பழைய நியமம்

பிறர் மனத்தை ஆராயப் புகுவோர் முதலில் தம் மனத்தை மற்றொருவரிடம் திறந்துகாட்ட வேண்டும் என்ற ஜூரிச் அறிஞர்களின் நியமத்தை 1912-லேயே மெச்சி எழுதிய, உளப்பகுப்பாய்வின் தந்தையான ஃபிராய்டு, 1937-ல், எண்பது கடந்த முதுமையில், ஏறத்தாழ ஐந்தாண்டுக்கொருமுறை அத்தகைய ஆய்வுக்கு மீண்டும் உட்படுவதில் வெட்கத்துக்கு இடமில்லை என்றும் வற்புறுத்தினார். 1922-ல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸோ, தம்மைத் தாமே ஆராய்ந்து தேர்ந்தவர். அந்தத் தனிமை இன்றைய மாணவருக்கு வேண்டியதன்று; அவர் தம் மனத்தை ஒரு சிகிச்சையாளரிடம் திறக்க வேண்டும் என்பதே என் துணிபு.

யாரிடம் செல்வது?

மதிப்பெண் இடும் ஆசிரியரிடம் செல்லலாகாது. அவருடைய மேற்பார்வையில் நம்மை நாடி வந்தவரைப் பற்றிப் பேசுகிறோம். நமக்கான சிகிச்சையிலோ நம்மைப் பற்றியே பேசுகிறோம். இரண்டும் ஒருவரிடமே கலந்துவிடின், நல்ல மாணவராகத் தோன்றும் ஆசை நாவைக் கட்டிவிடும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் உறவினரும் இதற்கு ஏற்றவரல்லர். செய்தி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சுவோர், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையின் ரகசியத்தை உரிமையாகவே வழங்கியிருப்பதை அறிந்திருத்தல் நலம்.

பொருள் வசதியற்றோர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். மலையிலிருந்து இறங்க இயலாத நாளில், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் வசிப்போர், பிறர் செவிக்கு எட்டாத இடமொன்றை முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது உத்தமம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின், நாள் தள்ளாமல் அந்தக் கணமே உதவி கோர வேண்டும்.

கல்லூரிகளின் கடமை

இத்தனையையும் மாணவரின் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. பாடத்திட்டத்தில் இதற்கென வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, யாரிடம் சென்றாய், என்ன பேசினாய் என்று எவரும் வினவாதபடி கல்லூரிகள் விதி செய்ய வேண்டும்.