கொத்தும் கிராமும்: அடுக்களையில் ஓர் அளவைப் பாடம்

நம் இல்லங்களில் இன்று இருவேறு அளவைகள் குடியிருக்கின்றன. மரக்கறி சந்தையிலிருந்து கிலோக் கணக்கில் வருகிறது; சட்டிக்குள் செல்லும்போதோ கோப்பைக் கணக்காகவும் கைப்பிடிக் கணக்காகவும் மாறிவிடுகிறது. மாத்தளை மாவட்டத்தில் வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். 1999 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறிகள் மூட்டை மூட்டையாக நிறுக்கப்பட்டே கைமாறுகின்றன. அதே மரக்கறி சமையற் குறிப்பில் 'இரண்டு கோப்பை' என்று வந்தால், அது எத்தனை கிராம் எனக் கூற முடியாமல் திகைக்கிறோம்.

நம் முன்னோர் முகத்தலளவையையே பெரிதும் நம்பினர். பங்கீட்டு அரிசியின் விலையும் கொத்துக் கணக்கிலேயே பேசப்பட்டது. 1953 இல் அது கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியமை வரலாறு. ஒரு கொத்து அரிசி ஏறக்குறைய 2 இறாத்தல். 32 கொத்து ஒரு புசல். ஆயின் ஒரு புசல் அரிசி 64 இறாத்தல் நிற்க, ஒரு புசல் நெல்லோ 46 இறாத்தலே நிற்கும். உமியும், மணிகளுக்கு இடையேயுள்ள வெற்றிடமுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். பாத்திரம் ஒன்றே, பண்டம் வேறானால் நிறையும் வேறாகும்.

தானியத்திலேயே இவ்வாறெனில் மரக்கறியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? வெட்டும் முறை மாறினாலே அதன் நிறை மாறிவிடுகிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணையை நோக்குவோம். ஏறத்தாழ 240 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு கோப்பையில், பொடியாக அரிந்த வெங்காயம் 160 கிராம். வளையமாக அரிந்தால் 115 கிராம். துண்டு செய்த கரட் 128 கிராம். துருவினால் 110 கிராம். துண்டாக நறுக்கிய கோவா 89 கிராம். மெல்லியதாகச் சீவினால் 70 கிராம்.

வீட்டுச் சமையலில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆனால் மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகப் பெருவிழா போன்ற காலங்களில் பலருக்குச் சமைப்போர் இதனைக் கருதியே ஆகவேண்டும். நூறு கோப்பை வெங்காயத்தில், அரியும் முறையால் மட்டும் நாலரைக் கிலோ கூடவோ குறையவோ நேரிடும்.

இதனினும் முக்கியமானது உடல்நலம். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஸ்பினச் என்னும் கீரை பச்சையாக ஒரு கோப்பைக்கு 30 கிராமே நிற்கிறது. அவித்து வடித்தபின் அதே கோப்பை 180 கிராம் கொள்கிறது. நம் பொன்னாங்காணியும் வல்லாரையும் பச்சையாகக் கோப்பையை நிரப்பினும் நிறையிற் குறைந்தனவே. ஆகவே, நான்கு கோப்பைப் பச்சை இலையை உண்டு 400 கிராம் ஆயிற்றென மனநிறைவு கொள்பவர், உண்மையில் மூன்றிலொரு பங்கைத்தானும் எட்டியிருக்கமாட்டார். நீரிழிவு போன்ற நோய்களுக்காக உணவை அளந்துண்போர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டும்.

இதற்குத் தீர்வு எளிது. வீட்டில் வழக்கமாகப் பயன்படும் கோப்பை ஒன்றைத் தெரிந்துகொள்க. வெறுங் கோப்பையை முதலில் நிறுத்து, பின் அரிந்த மரக்கறியை அமுக்காமல் நிரப்பி நிறுத்து, முன்னதைக் கழித்தால் விடை கிடைக்கும். போஞ்சி, பூசணி, கத்தரி, தேங்காய்ப்பூ என ஒவ்வொன்றையும் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைத்தால் அதுவே அவ்வீட்டின் அட்டவணை. தோல், காம்பு, விதை நீக்கிய பின்னரே நிறுக்க வேண்டும். சந்தையில் வாங்கும்போது அந்தக் கழிவையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

மாணவர்களே, இவ்வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். திணிவைக் கனவளவால் வகுக்க அடர்த்தி வரும் என்று பாடசாலையிற் படித்த சூத்திரத்துக்கு அடுக்களையைவிடச் சிறந்த ஆய்வுகூடம் வேறில்லை. கணக்கு உங்களுடையதாகட்டும், கைப்பக்குவம் அம்மாவினுடையதாகவே இருக்கட்டும்.